ரப்பர் அத்தானும் திருகில்லாத கைப்பிடியும்

என் அக்காவின் கணவருக்கு ஆபீஸில் ரப்பர் என்று பெயர். காதுபடவே அப்படித்தான் சொல்வார்கள், அவருக்குக் கோபம் வராது. "ரப்பர் நல்லதுதானேப்பா, எப்படி வளைச்சாலும் உடையாது" என்று சிரிப்பார். திட்டினால்கூட அதைப் பாராட்டாக மாற்றிப் பையில் போட்டுக்கொள்கிற சாமர்த்தியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வருடாவருடம் வகுப்பு எடுப்பவரும் அவர்தான். 'மாற்றத்துக்கு ஏற்ப மாறுவது எப்படி' என்பது தலைப்பு. அந்த வகுப்பில் உட்கார்ந்து கேட்டவள் நான். அந்த விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் எப்படியெல்லாம் மாறினார், மாறி மாறி எங்கே போய் நின்றார் என்று ஒருநாள் எழுதிவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக வயிற்றெரிச்சல்.

மின்சாரக் கெட்டில், இஸ்திரிப்பெட்டி, ரொட்டி வாட்டும் பெட்டி என்று வீட்டுச் சாமான்கள் செய்கிற கம்பெனி எங்களுடையது. அத்தான் புதுப்பொருள் துறை, நான் அதே துறையின் சோதனைக்கூடம். அவர் வரைந்து மாதிரி செய்து அனுப்புவார். நான் அதைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, தூக்கிச் சாய்த்து, எப்போது உடைகிறது என்று பார்ப்பேன். நான் அவர் சிபாரிசில் உள்ளே வந்தவள் என்று ஒரு பேச்சு உண்டு. என் நேர்முகத் தேர்வில் அவரும் உட்கார்ந்திருந்தார் என்பது உண்மைதான். மற்ற மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர்கள் மூவரும் சரி என்று தலையாட்டி முடித்த பிறகு நான்காவதாகத் தலையாட்டினார். அதற்குப் பெயர் சிபாரிசு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்தில் அவர் இப்படி இல்லை. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு துணிப்பையில் களிமண் உருண்டைகள் கொண்டுவருவார். சாப்பாட்டு மேஜையில் அதைக் கைப்பிடி மாதிரி உருட்டி வைத்து, "பிடிச்சுப் பாருங்க" என்பார். எங்கள் அப்பாவுக்குப் பாறாங்கல் மாதிரி கை. அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம். எனக்கு அப்போது பள்ளிக்கூடத்துக் கை. மூன்று கைக்கும் ஒரே பிடி சரியாக உட்காரும்வரை அந்த மனிதர் விடவில்லை. வழித்துவிட்டு வழித்துவிட்டு மறுபடி உருட்டினார். அந்தக் கைப்பிடியைத்தான் கம்பெனி பிறகு எல்லாக் கெட்டிலுக்கும் வைத்தது, வைத்து நன்றாகச் சம்பாதித்தது. அப்போதெல்லாம் பிடிக்கிற கைக்குத் தகுந்தாற்போல் பொருளை மாற்றினார். இந்தத் தொழிலில் மாறத் தெரிய வேண்டும் என்றால் அதுதான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பொருளை மாற்றுவதைவிடத் தன்னை மாற்றிக்கொள்வது லேசு, சம்பளமும் சீக்கிரம் ஏறும் என்று பிறகு கண்டுபிடித்துவிட்டார்.

எங்கள் துறைக்குச் சில வருடத்துக்கு ஒருமுறை புதிய தலைவர் வருவார். முதல் தலைவரைப் பெரியவர் என்போம். சர்க்கரை போடாத டீ குடிப்பார், எதுவும் கனமாக இருந்தால்தான் நம்புவார். அத்தானும் சர்க்கரையை விட்டார். வீட்டில் அக்காவிடம், "கனம் இருந்தாத்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும்" என்று பேச ஆரம்பித்தார். இரண்டாவது ஆளுக்குக் கஞ்சப்பிரபு என்று பெயர். அவருக்கு எல்லாம் லேசாக இருக்க வேண்டும், மலிவாக இருக்க வேண்டும். லிஃப்டில் ஏற மாட்டார். அத்தானும் மூச்சு வாங்க வாங்க மாடிப்படி ஏறினார். "கனம் எல்லாம் பழைய காலத்து நினைப்பு" என்று அதே அக்காவிடம், அதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். முன்பு வேறு மாதிரி சொன்னீர்களே என்று அக்கா கேட்கவில்லை. அவளுக்கு அவர்மேல் அவ்வளவு மரியாதை. "உங்க அத்தானுக்கு எதையும் சட்டுனு புரிஞ்சுக்கிற மூளைடி" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புதிய தலைவர் வந்தால் எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. பழையவர் காலத்துக் கோப்புகளை எல்லாம் அட்டைப் பெட்டியில் போட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். நடந்துகொண்டிருக்கும் வேலைகளுக்கெல்லாம் புதுப் பெயர் வைப்பார்கள். 'புது ஆரம்பம்' என்று சொல்லி எல்லோருக்கும் ஒரு கேக் வெட்டுவார்கள். பழையது எதுவும் யாருக்கும் தெரியக்கூடாது என்பதில் அவ்வளவு அக்கறை. கேக் வெட்டும் கத்தியை எடுத்துக் கொடுப்பவர் எப்போதும் எங்கள் அத்தான்தான்.

இப்படித்தான் அந்தத் திருகில்லாத கைப்பிடி வந்தது. சாதாரணமாகக் கெட்டிலின் கைப்பிடியை உலோக உடம்போடு இரண்டு திருகு போட்டு முடுக்கியிருப்பார்கள். பெரியவருக்கு அந்தத் திருகுகள் கண்ணை உறுத்தின. திருகே இல்லாமல் பிளாஸ்டிக் கொக்கிகள் உள்ளே போய்க் கவ்விக்கொள்கிற மாதிரி செய்யச் சொன்னார். அத்தான் வரைந்தார். அதற்கு மென்பிடி என்று பெயர் வைத்தார்கள். முதல் சில வாரம் அழகாகத்தான் இருந்தது. திரும்பத் திரும்பச் சூடேறி ஆறியதில் கீழ்க்கொக்கி தளர்ந்து, கொதிநீரோடு சாய்க்கும்போது கைப்பிடி மட்டும் கையோடு வந்துவிட்டது. பெரியவர் எரிச்சலோடு கைவிட்டார். பிறகு கஞ்சப்பிரபு வந்தார். இரண்டு திருகு மிச்சம், முடுக்குகிற ஆள் மிச்சம் என்று அதே யோசனை அவருக்கும் தோன்றியது. அத்தான் மறுபடி வரைந்தார். ஒரு தட்டு தட்டினால் மாட்டிக்கொள்ளும் என்பதால் இந்த முறை அதற்கு ஒரே தட்டுப் பிடி என்று பெயர். மறுபடியும் தளர்ந்தது. அன்றைக்குச் சோதனைக்கூடத்தில் ஓர் ஆளின் ஷூ மேல் கொதிநீர் கொட்டியது. ஷூ தடிமனாக இருந்ததால் கால் தப்பியது. பெரியவர் காலத்தில் இது நடந்து முடிந்த கதை என்று அத்தான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு முறையும் கண்ணால் பார்த்தவர்களில் துறையில் மிச்சம் இருந்த ஒரே ஆள் அவர். மற்றவர்கள் எல்லாம் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலத்தில் மூன்றாவது தலைவர் வந்தார். கைப்பேசிக்கு ஆப் செய்யும் கம்பெனியிலிருந்து வந்தவர். தாடி வைத்திருந்தார். அத்தானின் கன்னத்திலும் தாடி முளைத்தது. அக்கா அதைச் சகித்துக்கொண்டாள். புதியவர் நின்றுகொண்டுதான் கூட்டம் நடத்துவார் என்பதால் அத்தானும் நின்று நின்று, வீட்டுக்கு வந்து வாளித் தண்ணீரில் கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்தத் தலைவர் முதல் வாரமே கூட்ட மேஜை நடுவில் ஒரு சின்னப் பித்தளை மணியை வைத்தார். 'முன்னாடி' என்று யார் சொன்னாலும் பக்கத்தில் இருப்பவர் அதை அடிக்க வேண்டும். முன்னாடி இப்படிச் செய்தோம், முன்னாடி ஒத்துவரவில்லை, எந்த முன்னாடியும் கூடாது. "முன்னாடின்னு சொல்றவங்க எல்லாம் பின்னாடி போயிடுவாங்க" என்று அவரே சொல்லி அவரே சிரித்தார். கூடச் சிரித்தவர்களில் சத்தமாகச் சிரித்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. மணிக்காரர் என்று அவருக்குப் பெயர் வைத்தோம்.

மணிக்காரருக்கும் திருகு பிடிக்கவில்லை. எப்படித்தான் எல்லாத் தலைவர்களின் கண்ணும் அந்த இரண்டு திருகு மேலேயே போய் விழுமோ தெரியாது. இந்த முறை அதற்குச் சுதந்திரப் பிடி என்று பெயர். அத்தான் மூன்றாவது முறையாக அதே கொக்கியை வரைந்தார். என்னிடம் சோதனைக்கு வந்தது. முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மணிக்காரர் அத்தோடு நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தவில்லை. இயந்திரத்தை ஓடவிட்டேன். தளர்ந்தது. இன்னொரு கெட்டிலை மாட்டினேன், அதுவும் தளர்ந்தது.

"உன் மெஷின் ரொம்ப முரட்டுத்தனமாத் தூக்குது. வீட்ல யாரும் இப்படித் தூக்க மாட்டாங்க. வெளிய விடலாம். தப்பு இருந்தா ஜனங்க சொல்லுவாங்க, திருத்திக்கலாம்" என்றார் மணிக்காரர். ஆப்பில் தப்பு இருந்தால் மறுநாள் திருத்தி அனுப்பிவிடலாம். கையில் கொட்டிய கொதிநீரை எப்படித் திருத்துவது என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். இறுதி முடிவு எடுக்கும் கூட்டம் அடுத்த வாரம் என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் வழக்கம்போல வாளியில் கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா கீழே தையல்காரம்மாவிடம் போயிருந்தாள்.

"அத்தான், இந்தக் கொக்கி தளரும்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

அக்கா வருகிறாளா என்று வாசலை எட்டிப் பார்த்தார். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். மென்பிடி, ஒரே தட்டுப் பிடி, அந்த ஷூ, எல்லாம். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் பழைய களிமண் மனிதர் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். எந்தக் கொக்கி முதலில் போகும், ஏன் போகும் என்று விரலை மடக்கிக் காட்டினார். எனக்கே அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. "திருகு போட்டே ஆகணும்மா. வேற வழியே இல்லை" என்றார்.

"அப்ப கூட்டத்தில சொல்லுங்க. நான் சொன்னா என் மெஷினைக் குத்தம் சொல்றாங்க. ரெண்டு தடவை கண்ணால பார்த்தவர் நீங்க ஒருத்தர்தான். மணி அடிச்சா அடிக்கட்டும்."

"சொல்றேன்மா."

"சத்தியமா?"

"சொல்றேன்னு சொல்றேனே."

நானும் நம்பினேன். அந்த வாரம் துறையில் இன்னொரு பேச்சும் அடிபட்டது. மணிக்காரர் தனக்குக் கீழே ஒரு துணைத் தலைவரை நியமிக்கப் போகிறார், அது ரப்பர்தான் என்று. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் என் முறை வந்ததும் எழுந்து சொன்னேன். "இது புதுசா வந்த தப்பு இல்லை சார். முன்னாடி ரெண்டு தடவை..." மணி அடித்தது. "பாதுகாப்பு விஷயம் சார், முன்னாடி..." மறுபடி அடித்தது. எல்லோரும் சிரித்தார்கள். மணிக்காரர் கையைத் தூக்கி அடக்கிவிட்டு, "வேற யாராவது இதைக் கண்ணால பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். அந்த மனிதரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது என்றாலும் அந்தக் கேள்வியைக் கேட்டதை மறுக்க மாட்டேன். வேறு யாரும் அத்தானைப் பார்க்கவில்லை, நான் மட்டும் பார்த்தேன். அத்தான் மணிக்காரரைப் பார்த்தார். தாடியை ஒருமுறை நீவிக்கொண்டார்.

"நாம பயத்தை விட்டுட்டு வேகமாக் கத்துக்கணும் சார்" என்றார்.

அவ்வளவுதான். வாய் கூசவில்லை, குரல் தடுமாறவில்லை. மணிக்காரர் தட்டிக்கொடுத்தார். கெட்டில் கடைகளுக்குப் போனது. அத்தான் துணைத் தலைவர் ஆனார். என்னை அட்டைப் பெட்டிகளைக் கீழே போட்டுப் பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள், ஒத்துப்போகும் மனப்பான்மை குறைவு என்று. ஒரு மாதம் நான் அக்கா வீட்டுப் பக்கமே போகவில்லை.

போனபோது புதுக் கெட்டில் ஹாலில் கண்ணாடி அலமாரிக்குள் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. கம்பெனி அதிகாரிகளுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு இலவசமாகக் கொடுத்திருந்தது. அக்கா பழைய அலுமினியப் பாத்திரத்தில் அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்கா, அதில போட வேண்டியதுதானே?"

"ஐயோ, அவர் அதைத் தொடவே விட மாட்டேங்கிறார்டி. அவர் செஞ்சதுன்னு அவ்வளவு பெருமை. துடைக்கிறதுக்குக்கூட அவரேதான் எடுப்பார்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தன் வீட்டில் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைத்துவிட்டு ஊரெல்லாம் விற்கிறார். அவரிடம் பெருமையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது, தன் பெண்டாட்டி கை வேகக்கூடாது என்கிற ஜாக்கிரதை மட்டும்தான். அக்காவிடம் அப்போதே சொல்லியிருப்பேன். ஆனால் அவள் அலமாரியைப் பார்த்த பார்வையில் எனக்கு வாய் வரவில்லை. "இன்னொண்ணு எங்கே?" என்று மட்டும் கேட்டேன்.

"தையல்காரம்மாவுக்குக் கொடுத்துட்டோம். ஆசையாப் பார்த்துட்டு நின்னாங்க. கொடுக்காம இருந்தா நல்லா இருக்குமா? இவரே எடுத்துக் கொடுத்தார்."

தையல்காரம்மா கீழ்வீட்டுக்காரர். புருஷன் இல்லை. முன்னறையில் ஒரு மிஷின் போட்டு, பள்ளிக்கூடச் சீருடையும் ஜன்னல் திரைச்சீலையும் தைத்துக் குடும்பத்தை நடத்துகிறவர். அக்காவுக்கு நெருங்கிய சிநேகிதி. நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இறங்கி ஓடினேன். அவர் கதவைத் திறந்தார். "அந்தக் கெட்டிலை யூஸ் பண்ணாதீங்கம்மா, கைப்பிடி கழண்டுக்கும்" என்றேன். அவர் சிரித்தார். "உங்க அத்தான் செஞ்சதாச்சே. இத்தனை நாளா நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குள்ள ஏதோ சண்டைன்னு அக்கா சொன்னா, கோபத்தை இதில காட்டாதீங்க" என்றார். அத்தானின் நல்ல பெயருக்கு முன்னால் என் பேச்சு எடுபடவில்லை. வற்புறுத்திப் பார்த்தேன். சரி சரி என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மழைக்காலம் தொடங்கும் முன்பே அது நடந்தது. கொதித்த தண்ணீரை ஊற்றச் சாய்த்தபோது கைப்பிடி கையோடு வந்துவிட்டது. கெட்டில் மேஜை விளிம்பில் மோதி வலது கை மேலேயே கவிழ்ந்தது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் விரல்களைத் தனித்தனியாகச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஆறின பிறகும் விரல்கள் முழுசாக மடங்கவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியாது, துணியைப் பிடித்துத் தள்ள முடியாது. அக்கா தினமும் போய்ச் சமைத்துக் கொடுத்தாள். அத்தான் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, "விபத்துதான், என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு வந்தார்.

கடைகளிலிருந்தும் கெட்டில்கள் திரும்பி வர ஆரம்பித்தன. இன்னும் பல வீடுகளில் சின்னதும் பெரியதுமாகக் கை வெந்திருந்தது. மணிக்காரர் இதைவிடப் பெரிய கம்பெனிக்குப் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டார். அவரைப் போன்றவர்களுக்கு அப்படித்தான் கிடைக்கும். நான்காவதாக ஓர் அம்மாள் வந்தார், எங்கள் துறையோடு இன்னும் இரண்டு துறைகளுக்கும் சேர்த்து மேலதிகாரியாக. மேடம் என்றுதான் எல்லோரும் சொன்னோம். அவர் கேக் வெட்டவில்லை. முதல் வேலையாக அந்த மணியை எடுத்து ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்தார். அத்தான் அன்று காலையிலேயே தாடியை எடுத்துவிட்டு வந்திருந்தார். மோப்பம் பிடிப்பதில் அவருக்கு ஈடு யாரும் இல்லை.

மேடம் எல்லோரையும் உட்காரச் சொன்னார். "இந்தக் கைப்பிடி தளரும்னு இந்த அறையில யாருக்காவது முன்னாடியே தெரிஞ்சிருந்ததா? திட்ட மாட்டேன். எனக்குப் பழைய கதை தெரிஞ்ச ஆள் வேணும். துறைத் தலைவர் பொறுப்பை அப்படிப்பட்ட ஆள்கிட்டதான் கொடுக்கப்போறேன்" என்றார்.

அத்தான் எழுந்தார். நான் சத்தியமாக எதிர்பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும் மேடம். முன்னாடி ரெண்டு தடவை செஞ்சு பார்த்திருக்கோம்" என்று ஆரம்பித்தார். முன்னாடி, முன்னாடி என்று அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து தண்ணீர்போல வந்தது. எந்தக் கொக்கி, எந்தச் சூட்டில், எந்தப் பக்கம் சாய்த்தால் என்று ஒன்று விடாமல் சொன்னார். அன்று வாளியில் கால் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள், அதே மடக்கிய விரல். மேடம் குறித்துக்கொண்டே இருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. பெட்டிப் பிரிவிலிருந்தும் ஆள் வரவேண்டும் என்று கூப்பிட்டிருந்ததால் நானும் அங்கே இருந்தேன்.

"மேடம், முடிவு எடுத்த கூட்டத்தில இவர் இதைச் சொல்லலை. கேட்டாங்க, இருந்தும் சொல்லலை."

அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. மேடத்திடமே பேசினார், வருத்தமாக, பணிவாக.

"உண்மைதான் மேடம். இந்தத் துறையில அப்போ சொல்ற மாதிரி நிலைமை இல்லை, மணி வச்சிருந்தாங்க. ஆனா சோதனைக்கூடத்து ஆள்கிட்ட சொன்னேன். இவங்ககிட்டயேதான். வேணும்னா கேளுங்க."

மேடம் என்னைப் பார்த்தார். "சொன்னாரா?"

நான் என்ன சொல்ல முடியும்? சொன்னார் என்பது நிஜம். "சொன்னார்" என்றேன். ஒரு மனிதனை மாட்டிவிடப் போய் அவனுக்கே சாட்சி சொல்லிவிட்டு உட்கார்ந்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு மூஞ்சி என்று மாற்றிக்கொண்டே வந்த ஆளுக்கு, மாறாமல் நின்றவன் என்கிற மூஞ்சியும் கைவசம் இருந்திருக்கிறது. அதை அந்த வேளைக்கென்று எடுத்து மாட்டிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் அவர் துறைத் தலைவர்.

வேலை முடிந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். எனக்கு முன்னால் அத்தான் வந்துவிட்டிருந்தார், கையில் இனிப்புப் பெட்டி. அக்கா அப்போதுதான் கீழே தையல்காரம்மாவுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு ஏறி வந்திருந்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, "என்னங்க விசேஷம்?" என்று கேட்டாள்.

அத்தான் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். மேடம் என்ன கேட்டார், இவர் எப்படி எழுந்தார், எல்லோரும் எப்படி வாயடைத்துப் போனார்கள் என்று. "அந்தக் கொக்கி நிக்காதுன்னு எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும்னு தைரியமாச் சொன்னேன். இவளே சாட்சி" என்று என்னைக் காட்டினார். "மேடம் அப்படியே அசந்துட்டாங்க."

அக்கா இனிப்பை எடுக்கவில்லை. அலமாரியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவள் முகம் மாறுவதை நான் பார்த்தேன். அத்தான் பார்க்கவில்லை, பெட்டியின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அதனாலதான் என்னை அதைத் தொட விடலையா?" என்றாள்.

"ஆமா பின்ன. உன் கை எனக்கு முக்கியம் இல்லையா?"

"அப்ப அவங்களுக்குக் கொடுக்கும்போதும் உங்களுக்குத் தெரியும்."

நூலைப் பிரித்த கை நின்றது. அக்கா குரலை உயர்த்தவே இல்லை. விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டாள். அத்தான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருடமாக எத்தனை முகத்தைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொண்டவர்.

"இல்லை இல்லை. அப்போ அப்படி உறுதியா ஒண்ணும் தெரியாதும்மா. ஒரு சந்தேகம், அவ்வளவுதான். தெரிஞ்சிருந்தா கொடுப்பேனா? ஆபீஸில ஒரு பேச்சுக்குச் சொன்னேன், கொஞ்சம் கூட்டித்தான் சொல்லணும் இல்லையா" என்றார்.

"நிஜமாவே தெரியாதா?"

"நிஜமாத் தெரியாது."

"அப்படின்னா சரி" என்றாள் அக்கா. எனக்குப் பக்கென்றது, இதையும் நம்பிவிட்டாளே என்று. அவள் இனிப்புப் பெட்டியை மூடி, நூலை மறுபடி கட்டினாள். "நாளைக்கு ஆபீஸ் போய் அந்த மேடத்துகிட்ட அதைச் சொல்லிட்டு வாங்க. எனக்கு முன்னாடி தெரியாது, சும்மா சொன்னேன்னு. அப்புறம் இதைச் சாப்பிடலாம்."

அத்தான் அவள் கட்டிய நூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், ஏதாவது எடுத்துக் கொடுப்பேனா என்று. தெரியும் என்றால் இந்த வீட்டில் நிற்க முடியாது, தெரியாது என்றால் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. இரண்டுக்கும் பொருந்துகிற மூஞ்சி ஒன்றை அவர் தேடுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை.

மறுநாள் அவர் ஆபீஸ் வந்தார். பெரிய அறையில், புது நாற்காலியில் உட்கார்ந்தார். மேடத்தோடு இரண்டு முறை கூட்டம் நடந்தது. இரண்டிலும் நான் இருந்தேன். சுதந்திரப் பிடியை விட்டுவிட்டுத் திருகுக்கே திரும்புகிறோம் என்று அவரே அறிவித்தார், எல்லோரும் கைதட்டினார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்து ஷூவைக் கழற்றும்போது, அக்கா சமையலறையிலிருந்து, "சொன்னீங்களா?" என்று கேட்டாள். "இன்னும் இல்லை" என்றார். அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கீழே தையல்காரம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். அவர் துறைத் தலைவராகி ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்றைக்கும் ஷூவைக் கழற்றும்போது கேட்கிறாள்.